கோர்ஸ் முடிச்சாச்சு, வேலை கத்துக்கிட்டோமா? கன்சல்டிங் வேலையின் முதல் ஐந்து ஆண்டுகளில் என்ன மாறுகிறது?

2025 செப்டம்பர் 25 அன்று ஆக்சென்ச்சர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜூலி ஸ்வீட், காலாண்டு முடிவுகள் குறித்து முதலீட்டாளர்களிடம் பேசினார். அதில் அவர் சொன்ன ஒரு விஷயம் உலகம் முழுக்கச் செய்தியானது. மறுபயிற்சி கொடுத்துப் புதிய வேலைகளுக்குக் கொண்டுவர முடியாது என்று நிறுவனம் கருதும் ஊழியர்களைக் குறுகிய கால அவகாசத்தில் வெளியேற்றி வருகிறோம் என்பதுதான் அது.

அதே முடிவுகளில் இன்னொரு தகவலும் இருந்தது. 5.5 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்கு ஜெனரேட்டிவ் ஏஐ அடிப்படைப் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டதாக நிறுவனம் சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பயிற்சி பெரும்பாலானோருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் எல்லோரும் வேலையில் தொடரவில்லை. அப்படியென்றால் 'கோர்ஸ் முடிச்சாச்சு' என்பது உங்கள் வேலையைக் காப்பாற்றும் விஷயம் இல்லை. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன, அதை எங்கே கற்பது, அதற்கான நேரத்தையும் பணத்தையும் யார் தர வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சுருக்கமாக:

• கன்சல்டிங் நிறுவனங்களில் ஜூனியர்கள் தொழிலைக் கற்றது வகுப்பறையில் இல்லை. சலிப்பூட்டும் அடிமட்ட வேலைகளைச் செய்துதான். அந்த வேலைகள்தான் முதலில் ஏஐக்குப் போகின்றன.

• ஏஐ ஜூனியர்களின் வேகத்தைக் கூட்டுகிறது. ஆனால் எங்கே தவறு நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தைத் தானாகத் தராது.

• கற்றல் கட்டாயம் என்று சொல்லும் நிறுவனங்கள், அதற்கான நேரத்தை வேலை நேரத்துக்குள் ஒதுக்குகின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

• பயிற்சி பாண்டில் கையெழுத்துப் போடும் முன் 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

என்னதான் நடந்தது?

ஆக்சென்ச்சர் மட்டும் இல்லை. 2025 ஜூலை 27 அன்று டிசிஎஸ், தன் மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் 2 சதவீதம் என்றால் சுமார் 12,000 பேர். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்று நிறுவனம் சொன்னது. ஏஐயால் வேலை குறைந்துவிட்டது என்பது காரணம் இல்லை, திறன் பொருந்தாததும் புராஜெக்ட்டில் போட முடியாததும்தான் காரணம் என்று தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசன் விளக்கினார்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் டிசிஎஸ்ஸின் புதிய பெஞ்ச் விதி வந்திருந்தது. ஒரு ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாட்கள் கிளையன்ட்டுக்கு பில் போடும் வேலையில் இருக்க வேண்டும். பெஞ்சில் இருப்பது 35 வேலை நாட்களைத் தாண்டக் கூடாது. பெஞ்ச் என்பது ஒரு காலத்தில் மூச்சு விடும் இடம். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை புதிதாக எதையாவது படிக்கலாம். இப்போது அதற்கும் கடிகாரம் ஓடுகிறது.

'நடுத்தர, மூத்த ஆட்களுக்குத்தானே பிரச்சினை, நான் சேர்ந்து ரெண்டு வருஷம்தானே ஆகுது' என்று தோன்றலாம். இன்று 'திறன் பொருந்தவில்லை' என்று அனுப்பப்படுபவர்களும் ஒரு காலத்தில் இரண்டு வருஷ ஜூனியர்கள்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கற்றது எது, கற்காதது எது என்பதுதான் வித்தியாசம். அந்தக் கணக்கு முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது.

ஜூனியர்கள் இதுவரை எப்படிக் கத்துக்கிட்டாங்க?

கன்சல்டிங் நிறுவனத்தின் அமைப்பை ஒரு பிரமிடு என்பார்கள். மேலே சில பார்ட்னர்கள். நடுவில் மேனேஜர்கள். கீழே நிறைய அனலிஸ்ட்டுகள். பார்ட்னர் வேலையைப் பிடித்து வருவார், மேனேஜர் அதைத் துண்டுபோடுவார், அனலிஸ்ட்டுகள் செய்வார்கள். அனலிஸ்ட்டின் ஒரு மணி நேரத்துக்கு கிளையன்ட் கொடுக்கும் தொகைக்கும் அவருடைய சம்பளத்துக்கும் உள்ள இடைவெளிதான் லாபத்தின் அடிப்படை.

அனலிஸ்ட் செய்யும் வேலை என்ன? பத்து ஆண்டு ஆண்டறிக்கைகளிலிருந்து எண்களை எடுத்து எக்செல்லில் போடுவது. ஒரே டீலரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்வது. நாற்பது பேட்டிகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பது. ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்லைடில் அம்புக்குறியை நேராக்குவது.

பார்க்க குமாஸ்தா வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் டேட்டாவைக் கையால் சுத்தம் செய்தவருக்குத்தான் 'இந்த மாவட்டத்து விற்பனை மார்ச்சில் மட்டும் ஏன் துள்ளுது?' என்ற சந்தேகம் வரும். நிதியாண்டுக் கடைசியில் டீலர் தலையில் சரக்கைக் கட்டியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரியும். இதை எந்த வகுப்பிலும் யாரும் எடுக்கவில்லை. வேலையோடு வேலையாக, இலவச இணைப்பாக வந்தது.

டெய்லர் கடையில் காஜா எடுத்த பையன் கட்டிங் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். காஜா எடுக்க மெஷின் வந்த பிறகு பையன் கடையில் எதற்கு, அவன் கட்டிங்கை எங்கே கற்பான் என்று இரண்டு கேள்விகள் வரும். நிறுவனங்கள் முதல் கேள்வியைப் பற்றி நிறையப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகின்றன.

அந்த வேலையை ஏஐ செய்தால் நல்லதுதானே?

பாதி உண்மை. 2023இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள், பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் வேலை செய்யும் 758 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஜிபிடி-4 உதவியோடு வேலை செய்தவர்கள் சராசரியாக 12.2 சதவீதம் அதிக வேலைகளை முடித்தார்கள், 25.1 சதவீதம் வேகமாக முடித்தார்கள். தரமும் கூடியது. அதிலும் சராசரிக்குக் கீழே இருந்தவர்களின் மதிப்பெண் 43 சதவீதம் உயர்ந்தது. மேலே இருந்தவர்களுக்கு 17 சதவீதம்தான். ஆக, புதியவர்களுக்கு இது பெரிய கைத்தாங்கல்.

ஆனால் அதே சோதனையில் இன்னொரு வேலையும் கொடுக்கப்பட்டது. எக்செல் எண்கள் ஒன்று சொல்லும். பேட்டிக் குறிப்புகளைக் கவனமாகப் படித்தால் வேறொன்று தெரியும். இரண்டையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டும். இதில் ஏஐ பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. ஏஐ பிசிறில்லாத நடையில் ஒரு தவறான பதிலைத் தந்தது, பலர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நிஜத்தில் இதன் விலை என்ன என்பதை 2025இல் ஆஸ்திரேலியாவில் பார்த்தோம். அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறைக்காக டெலாய்ட் தயாரித்த அறிக்கையின் மதிப்பு சுமார் 4.4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதில் இல்லாத ஆய்வுகளுக்கு மேற்கோள்கள் இருந்தன. நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத ஒரு வாசகமும் தீர்ப்பிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. திருத்திய பதிப்பில் ஏஐ பயன்படுத்தியதை நிறுவனம் குறிப்பிட்டது. கட்டணத்தின் கடைசித் தவணையைத் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டது.

இதைக் கண்டுபிடித்தது ஒரு சாஃப்ட்வேர் இல்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர். தன் பல்கலைக்கழகத்திலேயே இருக்கும் ஒரு பேராசிரியர் எழுதாத புத்தகத்தை அவர் எழுதியதாக அறிக்கை சொன்னது. துறையை அறிந்தவர் என்பதால் அவருக்குப் பார்த்ததும் சந்தேகம் தட்டியது.

நீங்கள் முதல் ஐந்து ஆண்டுகளில் கற்க வேண்டிய திறன் இதுதான். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் 'இது எங்கேயோ இடிக்குதே' என்று தோன்ற வேண்டும். அந்தத் தோன்றல் எப்படி வருகிறது என்பதை ஒரு ஊரை வைத்துப் பார்ப்போம்.

ஒரு பயிற்சி: சாந்த்ராகாச்சியில் ஹாஸ்டல் கட்டலாமா?

சென்னை சென்ட்ரலிலிருந்து கொல்கத்தா பக்கம் வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு சாந்த்ராகாச்சி என்ற பெயர் ரயில் டிக்கெட்டில் பழக்கமாகியிருக்கும். சென்னையிலிருந்து போகும் ஏசி சூப்பர்ஃபாஸ்ட் எக்ஸ்பிரஸ் அங்கேதான் போய் நிற்கிறது. ஐடி, கன்சல்டிங் அலுவலகங்கள் பலவும் இருப்பது நகரத்தின் எதிர்ப் பக்கத்தில், சால்ட் லேக் செக்டர் ஃபைவிலும் நியூ டவுனிலும்.

இப்போது ஒரு கற்பனைக் கேள்வி. உங்கள் கிளையன்ட் ஒரு கட்டுமான நிறுவனம். 'செக்டர் ஃபைவில் வேலை செய்யும் வெளியூர் இளைஞர்களுக்காக சாந்த்ராகாச்சியில் ஆயிரம் படுக்கை கொண்ட ஹாஸ்டல் கட்டலாமா?' என்று கேட்கிறார்கள். உங்களுக்கு இரண்டு நாள் அவகாசம். ஏஐயிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு ஸ்லைடுகள் வந்துவிடும். அதை மேனேஜருக்கு அனுப்பும் முன் நான்கு இடங்களில் தட்டிப் பாருங்கள்.

முதலாவது, ஊர் எங்கே இருக்கிறது? பேச்சு வழக்கில் சாந்த்ராகாச்சி என்றால் 'கொல்கத்தா'தான். ஆனால் அது ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில் இருக்கிறது. கட்டட அனுமதிக்கும் சொத்துவரிக்கும் போக வேண்டியது ஹவுரா மாநகராட்சிக்கு. கொல்கத்தா மாநகராட்சியின் கட்டண விகிதங்களை எடுத்துப் போட்டிருந்தால் உங்கள் செலவுக் கணக்கு முழுதும் தப்பு.

இரண்டாவது, பயண நேரம் எந்த ஆண்டினுடையது? வித்யாசாகர் சேது வழியாகப் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போவதை மட்டும் வைத்து நேரம் கணக்கிட்டிருந்தால் அது பழைய கதை. ஹவுரா மைதானத்திலிருந்து ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ 2024 மார்ச்சில் திறந்தது. நடுவில் விட்டுப்போயிருந்த எஸ்பிளனேடு - சியால்டா பகுதி 2025 ஆகஸ்ட் 22 அன்று திறந்த பிறகு, ஹவுராவிலிருந்து செக்டர் ஃபைவ் வரை ஒரே மெட்ரோவில் போகலாம். ஆனால் அந்த மெட்ரோ சாந்த்ராகாச்சிக்கு வருவதில்லை. லோக்கல் ரயில் பிடித்து ஹவுரா போய் மாற வேண்டும். லோக்கல் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, காலை எட்டரைக்கு ஏற முடிகிறதா என்பது ஸ்லைடில் வராது. அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

மூன்றாவது, பக்கத்தில் என்ன இருக்கிறது? நிலையத்தை ஒட்டி ஒரு ஏரி இருக்கிறது, சாந்த்ராகாச்சி ஜீல். குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகி உள்ளிட்ட வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஏரி ரயில்வேக்குச் சொந்தம். அதில் சேரும் கழிவுநீர் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து வருகிறது. யார் சுத்திகரிப்பது, யார் செலவழிப்பது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்தது. ஆயிரம் பேர் தங்கும் கட்டடத்தின் கழிவுநீர் எங்கே போகும் என்பதை நீங்கள் கேட்காவிட்டால், பிறகு கிளையன்ட்டிடம் வேறு யாராவது கேட்பார்கள்.

நான்காவது, கூட்டத்தை அந்த நிலையம் தாங்குமா? 2018 அக்டோபர் 23 மாலை, சில ரயில்கள் ஒரே நேரத்தில் வந்தபோது நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பாலத்தின் அகலம் மட்டும் அங்கே விஷயமில்லை. எந்த ரயில் எந்த மேடைக்கு வருகிறது, அறிவிப்பு எப்போது வருகிறது, ஜனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் சேர்ந்ததுதான் விஷயம். அந்த நிலையத்துக்குத் தினம் ஆயிரம் பேரைக் கூட்டுவதாக யோசனை சொல்பவர் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த நான்கில் ஒன்றுகூட ரகசியத் தகவல் இல்லை. எல்லாம் பொதுவெளியில் இருக்கிறது. ஏஐயிடம் சரியாகக் கேட்டால் இதில் பலவற்றை அதுவே சொல்லும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வது இந்த மாதிரி இடத்துக்குத்தான். ஒருமுறை இப்படி ஒரு வேலையைத் தோண்டிப் பார்த்தவர், அடுத்த முறை ஓசூரில் கிடங்கு கட்டும் கேள்வி வந்தாலும் இதே நான்கு இடங்களில் தட்டிப் பார்ப்பார். எந்த அமைப்பின் எல்லை, தரவு எந்தத் தேதியினுடையது, பக்கத்தில் என்ன சிக்கல், கூட்டமோ சுமையோ கூடினால் எது உடையும்? தொடர் கற்றல் என்று சொல்வது நடைமுறையில் இப்படிப்பட்ட கேள்விகள் உங்கள் கையில் சேர்ந்துகொண்டே போவதுதான்.

சரி, இதுக்கெல்லாம் நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. ஒரு எளிய கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 40 மணி நேர வேலை, அதில் 85 சதவீதம் பில்லபிள் இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 மணி நேரம் கிளையன்ட்டுக்குப் போய்விடும். மிச்சம் 6 மணி நேரம். அதற்குள்தான் டைம்ஷீட், டீம் மீட்டிங், டவுன்ஹால், அப்ரைசல் படிவம், புது புரொபோசலுக்கு மேனேஜர் கேட்கும் 'சின்ன ஹெல்ப்' எல்லாம். படிப்புக்கு ஒதுக்க அதில் ஏதும் மிஞ்சாது. அதனால் கற்றல் ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் போகிறது. கோர்ஸ் வீடியோ ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் துணி மடிக்கிறோம். கடைசியில் பத்துக் கேள்வி வினாடி வினாவை முடித்து சான்றிதழ் வாங்குகிறோம். டாஷ்போர்டில் பச்சை விழும். கற்றது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாத் தொழிலிலும் இப்படி இல்லை. உதாரணமாக, பிராக்டிஸ் சான்றிதழ் வைத்திருக்கும் 60 வயதுக்குட்பட்ட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுகள் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரத் தொடர் கல்வியைக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய இன்ஸ்டிட்யூட் விதி. அதிலும் மணி நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள். குறை இல்லாமல் இல்லை. ஆனால் விதி எழுத்தில் இருக்கிறது, இலக்கு எல்லோருக்கும் ஒன்று, அதைக் கேட்பது தொழில் அமைப்பு. கன்சல்டிங்குக்கு அப்படி ஒரு பொது அமைப்போ உரிமமோ கிடையாது. நாளைக்கே யார் வேண்டுமானாலும் 'கன்சல்டன்ட்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கலாம். அதனால் எதைக் கற்க வேண்டும், எவ்வளவு போதும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்குத் தீர்மானிக்கிறது.

ஆகவே சேரும்போதும் அப்ரைசலின்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'கற்றலுக்கான நேரத்தை எந்த புராஜெக்ட் கோடில் போட வேண்டும்?' கோடு இருக்கிறது, மணி நேர வரம்பும் இருக்கிறது என்றால் அந்த நிறுவனம் அதற்குக் காசு செலவழிக்கிறது. கோடே இல்லை, ஆனால் இலக்கு மட்டும் இருக்கிறது என்றால் செலவழிப்பது நீங்கள்.

பயிற்சிக்கான பணம் யாருடையது?

இங்கே சட்டம் இரண்டு இடங்களில் வருகிறது.

ஒன்று, பாண்ட். 'நாங்கள் பயிற்சி கொடுக்கிறோம், இத்தனை ஆண்டுக்குள் போனால் இவ்வளவு கட்ட வேண்டும்' என்ற ஒப்பந்தம். 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பணியில் இருக்கும் காலத்துக்கான இந்த நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தடைசெய்யும் தொழில் கட்டுப்பாடு ஆகாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அதே சமயம், பொதுத்துறை வங்கி ஆள் எடுக்க வெளிப்படையான, செலவு பிடிக்கும் நடைமுறையைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் அந்தப் பதவியின் சம்பளத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

தனியார் நிறுவனம் எந்தத் தொகையை எழுதினாலும் அப்படியே செல்லும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கான உச்ச வரம்பு. ஆனால் 'பாண்டெல்லாம் சும்மா, கோர்ட்டில் நிற்காது' என்று சீனியர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுவது இனி ஆபத்து. தொகை எவ்வளவு, எத்தனை மாதம், மாதாமாதம் குறையுமா, நிறுவனமே உங்களை அனுப்பினால் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, மறுதிறன் நிதி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளருக்காகவும் 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை நிறுவனம் இந்த நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. அந்தத் தொகை 45 நாட்களுக்குள் அவருடைய கணக்குக்கு வர வேண்டும். புதிதாக வேறொன்றைக் கற்க உதவி என்பதுதான் நோக்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு முடிச்சுகள் உண்டு. 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். அனலிஸ்ட் எதில் வருவார் என்பது பதவிப் பெயரைப் பொறுத்தது இல்லை, செய்யும் வேலையின் தன்மையைப் பொறுத்தது. இரண்டாவது, 'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தர்றோம்' என்று கேட்டு நீங்கள் ராஜினாமா கொடுத்துவிட்டால், காகிதத்தில் அது ஆட்குறைப்பு ஆகாது. அப்படி ஒரு நிலை வந்தால் அன்றே கையெழுத்துப் போடாமல் ஆலோசனை கேட்க நேரம் வாங்குங்கள்.

நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ஜூனியர் கற்றுக்கொள்வதற்கான செலவை இத்தனை நாள் மறைமுகமாகச் சுமந்தது கிளையன்ட்தான். 'ஏஐ பத்து நிமிடத்தில் செய்வதற்கு எதற்கு மூன்று அனலிஸ்ட்டுகளுக்கு பில்?' என்று இப்போது கிளையன்ட் கேட்கிறார். கற்றுக் கொடுத்த ஆள் பதினெட்டாவது மாதம் முப்பது சதவீத உயர்வுக்கு வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார் என்பதும் நிஜம். ஆக்சென்ச்சர், டிசிஎஸ் போன்றவை பயிற்சித் தளங்களுக்காகப் பெரிய அளவில் செலவழிப்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் இதில் நிறுவனங்களுக்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இன்றைய மேனேஜருக்கு ஏஐ அறிக்கையில் தவறு கண்ணில் படுகிறது என்றால், அவர் பத்தாண்டுகளுக்கு முன் எக்செல்லோடு மல்லுக்கட்டியதுதான் காரணம். அந்தப் படியைக் கடக்காத அனலிஸ்ட்டுகள் பத்தாண்டு கழித்து மேனேஜராகும்போது, சரிபார்ப்பது யார்? ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் போன்ற ஒன்றைத் தடுக்க வேண்டுமானால், ஜூனியரிடம் சரிபார்ப்பைக் கொடுத்து, அதற்கு நேரமும் கொடுத்து, அதை வேலையாகவே மதிக்க வேண்டும். பேட்ஜ் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

அப்போ, நீங்க என்ன செய்யலாம்?

நிறுவனம் மாறும்வரை காத்திருக்க முடியாது. வேலை நேரத்துக்குள்ளேயே, செய்துகொண்டிருக்கும் வேலையை வைத்தே செய்யக்கூடியவை சில உண்டு.

ஏஐயிடம் கேட்கும் முன் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். 'இந்தச் சந்தை சுமார் 800 கோடி இருக்கும், காரணம் இது' என்று ஒரு வரி போதும். பதில் வந்த பிறகு வித்தியாசத்தைப் பாருங்கள். ஊகம் தவறினால் ஏன் என்று புரியும். ஏஐ தவறினால் அதுவும் புரியும். எழுதாமல் விட்டால் எந்தப் பதிலும் சரியாகத்தான் தோன்றும்.

முதல் பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் அனுப்பிய டெக்குக்கும் கிளையன்ட்டுக்குப் போன டெக்குக்கும் நடுவில் மேனேஜர் எதை வெட்டினார், எதை முன்னால் கொண்டுவந்தார்? அரை மணி நேரம் போதும். பல நாள் பயிற்சி வகுப்பைவிட இது அதிகம் கற்றுத்தரும். புரியாத மாற்றத்துக்கு மட்டும் 'இதை ஏன் மாத்தினீங்க?' என்று கேளுங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் சொல்வார்கள். நேரமில்லை என்பவரிடம் ஒரே ஒரு மாற்றத்தைப் பற்றிக் கேளுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் வையுங்கள். எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்தத் தேதி. ஏஐ கொடுத்த மேற்கோளை மூலத்தில் திறந்து பார்க்காமல் ஸ்லைடில் ஏற்றாதீர்கள்.

ஒரு துறையை மூல ஆவணத்தில் படியுங்கள். மின்சாரம் என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவு. அரசுத் திட்டங்கள் என்றால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. வங்கி என்றால் ரிசர்வ் வங்கி வெளியீடுகள். எல்லாம் இலவசம். ஆறு மாதத்துக்கு ஒரு துறை போதும். துறைக்குள் இருப்பவர்கள் பேசும் மொழி பிடிபட்டால்தான் பொய்யான வரி காதில் உறுத்தும்.

வெளியே போக வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். கிளையன்ட்டின் கிடங்கு, ஆலை, கிளை அலுவலகம் எதுவானாலும் சரி. வெளி மாநிலத்தில் இருந்தால் அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரர் சொல்லும் காலை எட்டரை மணிக் கூட்டம் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை.

கிளையன்ட் தரவைப் பொது ஏஐ தளங்களில் போடாதீர்கள். கற்கும் ஆர்வத்தில் செய்தேன் என்பது பதிலாகாது. ஒப்பந்த மீறல் வேலையையே காவு வாங்கும்.

சொந்தக் காசில் கோர்ஸ் சேரும் முன் மூன்று கேள்விகள். அடுத்த மூன்று மாதத்தில் இதை எந்த வேலையில் பயன்படுத்துவேன்? நிறுவனம் கட்டணத்தைத் தருமா, தந்தால் விலகும்போது திருப்பிக் கேட்குமா? இதே பாடம் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறதா? முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்து என்ன கவனிக்க வேண்டும்?

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்கீழ் மாநிலங்கள் வகுக்கும் விதிகள் முக்கியம். தமிழ்நாட்டிலும் மேற்கு வங்கத்திலும் வேலை செய்பவர்களுக்கு மறுதிறன் நிதி நிஜமாகக் கைக்கு வருமா என்பது அதில்தான் இருக்கிறது. அடுத்து, நிறுவனங்கள் கேம்பஸில் எத்தனை பேரை எடுக்கின்றன என்பதோடு, எடுத்தவர்களுக்கு முதல் ஆண்டில் என்ன வேலை கொடுக்கின்றன என்பதையும் பாருங்கள். சரிபார்ப்பும் களப்பணியும் கொடுக்கும் இடத்தில் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த அப்ரைசலில் 'இந்த ஆண்டு என்ன கத்துக்கிட்டீங்க?' என்று கேட்பார்கள். கோர்ஸ் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. அதோடு இந்த ஆண்டு நீங்கள் கண்டுபிடித்த மூன்று தவறுகளையும் எழுதிவைத்துக் கொண்டுபோங்கள். அந்த மூன்றால் கிளையன்ட்டுக்கு எவ்வளவு மிச்சமானது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.